சம்பளம் எவ்வளவு என்பதா, எந்தத் தேதியில் வருகிறது என்பதா? சேலத்துக்காரர்கள் உங்கள் கணக்கைச் சொல்லுங்கள்

அம்மாபேட்டை36 எழுதியது:

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தவர் அம்மா வழியில் எனக்கு மாமா முறை. ரசம் வருவதற்குள் கேட்டுவிட்டார்: "பெங்களூரை விட்டுட்டு வந்துட்டியாமே, இங்க எவ்வளவு தர்றாங்க?" நான் "அறுபது கிட்ட வருது மாமா" என்றேன். வருவது 38,000. அந்தப் பொய்யைச் சொன்னதிலிருந்து மனசு சரியில்லை. ஏன் சொன்னேன் என்று யோசித்து யோசித்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்பது வருடம் பெங்களூரில் இருந்தேன், மென்பொருள் சோதனை வேலை. கடைசியாகக் கையில் வந்த சம்பளம் 78,000. வாடகையும் பராமரிப்பும் 26,000. சாப்பாடு, கேஸ், வீட்டு வேலைக்கு வரும் அம்மா எல்லாம் சேர்த்து 12,000. பையன் பள்ளிக்கூடம் மாதத்துக்குச் சராசரியாக 9,000. மாதத்தில் இரண்டு மூன்று வெள்ளிக்கிழமை ராத்திரி ஊருக்குக் குடும்பத்தோடு பஸ், அந்தச் செலவு 7,000. அப்பா அம்மாவுக்கு அனுப்புவது 15,000. மிச்சம் 9,000.

இங்கே 38,000. சொந்த வீடு. ஆறு பேருக்கும் வீட்டுச் செலவு 14,000, பள்ளிக்கூடம் 4,000, பெட்ரோல் 2,500, அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு மருந்தும் பிசியோதெரபியும் 5,500. மிச்சம் 12,000. பாதிச் சம்பளத்தில் மூவாயிரம் கூடுதலாக நிற்கிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த மூவாயிரம் பற்றி இல்லை. பெங்களூரில் கடைசி ஒரு வருடம் நான் இருந்த கம்பெனி தள்ளாடியது. 30ஆம் தேதி வர வேண்டிய சம்பளம் 11 ஆனது, அப்புறம் 19 ஆனது, ஒரு தடவை இரண்டு மாதம் வரவே இல்லை. வீட்டுக்காரருக்கு 5ஆம் தேதி வாடகை கொடுக்க வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து போனில் வங்கிக் கணக்கைத் திறந்து பார்ப்பேன். அந்த நேரத்தில் யாரும் பணம் போட மாட்டார்கள் என்று தெரியும், ஆனாலும் பார்ப்பேன். 78,000 வாங்கிய ஆள் தொப்பூர் கணவாயில் பஸ் நிற்கும்போது டீ குடிக்கலாமா என்று யோசித்திருக்கிறேன். இங்கே இரண்டு வருடமாகச் சம்பளம் ஒன்றாம் தேதி தாண்டியதில்லை. நான் ராத்திரி எழுந்திருப்பதில்லை.

அதனால் கேட்கிறேன். உங்கள் வேலை, வருமானம் பற்றி நீங்கள் உண்மையில் என்ன நினைக்கிறீர்கள்? தொகையைச் சொல்ல விருப்பமில்லை என்றால் வேண்டாம். பணம் எப்படி, எப்போது வருகிறது என்று மட்டுமாவது சொல்லுங்கள்.

---

குகைக்காரன் எழுதியது:

உங்கள் கணக்கில் வாடகை என்ற வரியே இல்லை தம்பி. அப்பா கட்டிய வீடு. நான் அஸ்தம்பட்டியில் 11,000 வாடகைக்கு இருக்கிறேன். உங்கள் மிச்சம் 12,000த்தில் அதைக் கழித்துப் பாருங்கள், ஒரே ஆயிரம்தான் நிற்கும். தேதி தவறாமல் வருவது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் "சேலத்துக்கு வந்தால் நிம்மதி" என்று பொதுவாகச் சொல்ல வேண்டாம். சொந்தக் கூரை இருப்பவர்களுக்குத்தான் அந்த நிம்மதி.

---

அம்மாபேட்டை36 எழுதியது:

சரிதான் அண்ணா. அதை நான் எழுதியிருக்க வேண்டும். அப்பா தறி ஓட்டிச் சம்பாதித்துக் கட்டிய வீடு. அவர் அன்று கட்டியதால்தான் நான் இன்று திரும்பி வர முடிந்தது.

---

பட்டறை_செவ்வாய்ப்பேட்டை எழுதியது:

தம்பி, உன் பதிவைப் படித்துவிட்டு இரண்டு நாள் யோசித்தேன். நான் இந்த மாதிரி இடத்தில் எழுதிப் பழக்கமில்லை. என் மகள்தான் தட்டச்சு செய்து தருகிறாள்.

நான் கொலுசு வேலை. இருபத்தி மூன்று வருடமாகப் பற்ற வைக்கும் வேலை, அதாவது கண்ணிகளைத் தீ ஊதி ஒட்டும் வேலை செய்கிறேன். எங்கள் வேலை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வியாபாரி வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பார். கம்பி இழுப்பது ஒரு வீட்டில், கண்ணி போடுவது ஒரு வீட்டில், பற்ற வைப்பது எங்களிடம், சலங்கை கோப்பது இன்னொரு வீட்டில் பெண்கள், அப்புறம் மெருகு. ஒரு ஜோடிக் கொலுசு கடைக்குப் போவதற்குள் ஏழெட்டு வீட்டு வாசலைத் தாண்டிவிடும். ஒவ்வொரு வாசலிலும் எடை. வாங்கும்போது எடை, கொடுக்கும்போது எடை. வேலையில் குறைவதற்கு ஒரு சேதாரக் கணக்கு உண்டு, அதற்கு மேல் குறைந்தால் நம் கூலியில் பிடித்துக்கொள்வார்கள். அதனால் பட்டறையைப் பெருக்கிய தூசியைக்கூட டப்பாவில் போட்டு வைப்போம். என் மனைவி என் சட்டையை உதறாமல் துவைக்க மாட்டாள்.

கூலி கிலோவுக்கு இவ்வளவு என்றுதான். இங்கேதான் விஷயம். 2025 தொடக்கத்தில் வெள்ளி கிலோ ஒரு லட்சத்துக்குக் கீழே இருந்தது. அந்த வருடம் முடிவதற்குள் இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது. பார்க்கிறவர்கள் எல்லாம் "உங்களுக்கென்ன, வெள்ளி விலை ஏறிடுச்சே" என்கிறார்கள். வெள்ளி என்னுடையது இல்லையே. விலை ஏறினால் வாங்குகிறவர்கள் எடை குறைந்த கொலுசு கேட்கிறார்கள். முன்பு நூறு கிராமில் செய்த ஜோடியை இப்போது அறுபதில் கேட்கிறார்கள். கம்பிதான் மெலிகிறது, கண்ணி எண்ணிக்கை அப்படியே இருக்கிறது. கண்ணி எத்தனையோ அத்தனை தடவை நான் ஊத வேண்டும். மெல்லிய கம்பியில் தீ ஒரு நொடி கூடுதலாகப் பட்டால் கண்ணி உருகி ஒட்டிக்கொள்ளும், அதைப் பிரித்துத் திரும்பச் செய்ய வேண்டும். ஆக ஒரு கிலோவுக்கு முன்பு பத்து ஜோடி பற்ற வைத்தவன் இப்போது பதினாறு ஜோடிக்கு மேல் பற்ற வைக்கிறேன். கூலி அதே கிலோவுக்குத்தான்.

நல்ல மாதத்தில் நாற்பதாயிரம் கூடப் பார்த்திருக்கிறேன். ஆடியில் பத்தாயிரம் வராது. வாரக் கடைசியில் கையில் ரொக்கம். யார் கொடுத்தார், எவ்வளவு கொடுத்தார் என்பதற்கு ஒரு காகிதம் கிடையாது. வாய் வார்த்தைதான். எனக்கும் என் வியாபாரிக்கும் இருபது வருடத்தில் ஒரு சண்டை வந்ததில்லை, அதையும் சொல்ல வேண்டும். அவர் நல்ல மனிதர்.

இரண்டு வருடம் முன்பு பனங்காட்டுப் பக்கம் ஒரு சின்ன வீடு விலைக்கு வந்தது. வங்கிக்குப் போனேன். மேஜையில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "சம்பளச் சீட்டு இருக்கா? இல்லேன்னா மூணு வருஷ வருமான வரி ரிட்டர்ன் இருக்கா?" என்றார். இரண்டும் இல்லை. என்னோடு வந்த என் மச்சான் ஒரு அலுவலகத்தில் 19,000 சம்பளத்துக்கு உதவியாளராக இருக்கிறான். அவனைப் பார்த்து "நீங்க போட்டீங்கன்னா கிடைக்கும்" என்றார். நான் அவனைவிடக் கூடுதலாகச் சம்பாதிக்கிறேன். ஆனால் என் சம்பாத்தியத்துக்குச் சாட்சி இல்லை. வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது கை நடுங்கியது.

நீ தேதி என்கிறாய் தம்பி. எனக்குத் தேதி கூட வேண்டாம். நான் உழைத்தேன் என்று ஒரு காகிதம் சொன்னால் போதும்.

---

ஓய்வு_இரும்பாலை எழுதியது:

பட்டறைக்காரர் பதிவைப் படித்துவிட்டுப் பரணில் இருந்த டிரங்குப் பெட்டியை இறக்கினேன். 1982இல் சேலம் உருக்காலையில் சேர்ந்தேன், ஆலை உற்பத்தி தொடங்கி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. 2018இல் ஓய்வு. அந்த முப்பத்தாறு வருடச் சம்பளச் சீட்டும் அந்தப் பெட்டியில் இருக்கிறது, வருட வாரியாக நூல் போட்டுக் கட்டி. முதல் சீட்டு மஞ்சளாகி ஓரம் உதிர்கிறது.

என் வீடு, இரண்டு பெண்கள் கல்யாணம், பையன் படிப்பு எல்லாமே அந்தச் சீட்டைக் காட்டி வாங்கிய கடனில் நடந்தவை. அன்று எனக்கு அது ஒரு பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. சிவதாபுரத்தில் என் பக்கத்து வீட்டுக்காரர் வெள்ளிப் பட்டறை வைத்திருந்தார். என்னைவிட அதிகம் சம்பாதித்தார். ஆனால் பெண் கல்யாணத்துக்கு என்னிடம்தான் ஜாமீன் கையெழுத்து கேட்டு வந்தார்.

ஒன்று மட்டும் இளைஞர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். எனக்கு இப்போது பிஎஃப் ஓய்வூதியம் மூவாயிரத்துக்குச் சற்று மேல். மாதச் சம்பளக்காரன் என்றால் கடைசிவரை கவலையில்லை என்று நினைக்காதீர்கள். அந்த ஓய்வூதியத்தின் கணக்கு இப்படி: ஓய்வூதியத்துக்குரிய சம்பளத்தை வேலை பார்த்த வருடங்களால் பெருக்கி எழுபதால் வகுப்பார்கள். அந்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு 15,000. அதனால் 35 வருடம் அந்த வரம்பில் கட்டினாலும் 7,500தான் வரும். என் பணிக்காலத்தின் பெரும்பகுதியில் வரம்பு அதைவிடக் குறைவு. 2014 முதல் குறைந்தபட்சம் ஆயிரம் என்று வைத்திருக்கிறார்கள். ஆயிரத்தில் ஒரு மாதம் ஓட்ட முடியுமா? பணிக்கொடையும் பிஎஃப் மொத்தமும் வந்தபோது அதில் பாதியைத் தொடாமல் வைத்ததால்தான் இன்று யாரிடமும் கை நீட்டாமல் இருக்கிறேன்.

---

கருப்பூர்_விரிவுரையாளர் எழுதியது:

எம்.இ. முடித்து எட்டு வருடம். தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் உதவிப் பேராசிரியர். ஏழாவது ஊதியக் குழுப்படி என் பதவிக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700. எனக்குக் கிடைப்பது 28,000. அதுவும் செமஸ்டர் கட்டணம் வந்த பிறகுதான். போன வருடம் ஜூன், ஜூலைச் சம்பளம் தீபாவளிக்கு முந்தைய வாரம் வந்தது. கோடையில் சம்பளம் வேண்டும் என்றால் சேர்க்கைக்கு மாணவர்களைப் பிடித்து வர வேண்டும். தர்மபுரி, ஆத்தூர் என்று வீடு வீடாகப் போய் "உங்க பையனை எங்க காலேஜ்ல சேர்த்துவிடுங்க" என்று கேட்டிருக்கிறேன். ஒரு வீட்டில் அந்தப் பையனின் அம்மா என்னை உட்கார வைத்து மோர் கொடுத்துவிட்டு, "படிச்சா உங்களை மாதிரி வரலாமா சார்?" என்று கேட்டார். நான் "வரலாம்மா" என்று சொன்னேன்.

அம்மாபேட்டை நண்பர் கல்யாண வீட்டில் சொன்ன பொய்யையும் நான் சொன்னதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். என்னுடையது கனமாக இருக்கிறது.

பாடம் எடுக்கும் அந்த ஐம்பது நிமிடம் எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது. அதனால்தான் விட முடியவில்லை.

---

நாகலூர்_காப்பி எழுதியது:

எல்லோரும் மாதச் சம்பளம், வாரக் கூலி பேசுகிறீர்கள். வருடத்துக்கு ஒரே ஒரு தடவை பணம் பார்க்கிற ஆள் நான்.

சேர்வராயன் மலையில் மூன்றரை ஏக்கர், அரபிக்கா. காக்பர்ன் கலெக்டர் 1820களில் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார் என்பார்கள். அன்று தொட்டு மலைக்குப் பணம் என்றால் கார்த்திகை, மார்கழி, தைதான். மார்ச், ஏப்ரலில் பூ மழை விழ வேண்டும். விழுந்தால் ஒரே வாரத்தில் தோட்டம் முழுக்க மல்லிகை மாதிரி வாசம். அது நாள் தவறிப் பெய்தாலோ, பூ விரிந்த அன்றே அடித்துப் பெய்தாலோ அந்த வருட வருமானம் அங்கேயே போயிற்று. பூவிலிருந்து பழம் எட்டு ஒன்பது மாதம். பழுத்ததை மட்டும் பறிக்க வேண்டும் என்பதால் ஒரே செடிக்கு மூன்று நான்கு தடவை ஆள் விட வேண்டும். ஆறு கிலோ பழம் பறித்தால் ஒரு கிலோ கொட்டை தேறும்.

2024இல் பிரேசிலில் மழை பொய்த்து உலகம் முழுக்கக் காப்பி விலை ஏறியது. எல்லோரும் எனக்குப் போன் போட்டு வாழ்த்துச் சொன்னார்கள். அந்த வருடம் தண்டுத் துளைப்பான் விழுந்து ஏறக்குறைய நானூறு செடியைப் பிடுங்கி எரித்திருந்தேன். விலை இருந்தது, விற்கச் சரக்கு இல்லை. இன்னொன்று, ஆவணியில் பையனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருந்தேன். முன்பணம் கொடுத்தவரிடம்தான் சரக்கைப் போட வேண்டும், அவர் சொன்னதுதான் விலை. சில்வர் ஓக் மரத்தில் ஏற்றிய மிளகுதான் அந்த வருடம் சோறு போட்டது.

ஏக்கர் கணக்கில் நிலம் வைத்திருப்பவன் கஷ்டப்படுகிறேன் என்றால் யாரும் நம்புவதில்லை. ஆனால் சொல்கிறேன், பிப்ரவரியில் வந்த பணத்தை அடுத்த நவம்பர் வரை பிரித்து வைக்கத் தெரிவதுதான் இந்தத் தொழில். என் அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு இன்னும் வரவில்லை.

---

செவிலி_மலைப்பெண் எழுதியது:

நாகலூர் ஐயா, வணக்கம். என் அம்மா உங்கள் மலையில்தான் இருபத்தைந்து வருடம் பழம் பறித்தார். உங்கள் தோட்டமா என்று தெரியாது, இருக்கவும் கூடும். பறிப்புக் காலத்தில் கிலோவுக்குக் கூலி. சாயங்காலம் சாக்கை எடை போடும் இடத்தில் வரிசையாக நிற்பார்கள். அம்மா என்னையும் கூட்டிப் போவார், ஏனென்றால் தராசு முள்ளைப் படிக்க எனக்குத்தான் தெரியும். நான் எட்டாவது படிக்கிறேன் அப்போது. ஒரு நாள் நான் "முப்பத்தி நாலு" என்றேன், எழுதுகிறவர் "முப்பத்தி ஒண்ணு" என்று எழுதினார். அம்மா என் கையைக் கிள்ளி "சும்மா இரு" என்றார். மூன்று கிலோ. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் அழுதேன், அம்மா அழவில்லை.

பறிப்பு முடிந்தால் கவாத்து, களை, அவ்வளவுதான். மழைக்காலத்தில் வாரத்தில் இரண்டு நாள் வேலை கிடைத்தால் பெரிது.

நான் இப்போது சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியர், ஏழு வருடம். சம்பளம் 20,500. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, யாருக்காவது பயன்படும் என்று எழுதுகிறேன். இஎஸ்ஐ என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்குச் சம்பள வரம்பு 21,000. என் பங்கு 0.75 சதவீதம், மாதம் 154 ரூபாய். நிர்வாகம் 3.25 சதவீதம் கட்டுகிறது. அந்த 154 ரூபாயில் என் அம்மாவுக்குச் சர்க்கரை மருந்து, கண் புரை அறுவை எல்லாம் நடந்தது. இப்போது ஆயிரம் ரூபாய் ஊதிய உயர்வு தருகிறோம் என்கிறார்கள். 21,500 ஆனால், நடக்கிற ஆறு மாதக் கணக்குக் காலம் முடியும்வரை இஎஸ்ஐ பிடிப்பார்கள், கட்டியதற்கு உரிய சிகிச்சை அதன் பிறகும் சில மாதம் கிடைக்கும், அப்புறம் போய்விடும். ஆயிரம் ரூபாயை வாங்கிக்கொண்டு அம்மாவின் மருத்துவத்தைக் கையிலிருந்து கொடுப்பதா? சம்பள உயர்வைக் கேட்டு ஒரு மகள் பயப்படுவது எனக்கே வேதனையாக இருக்கிறது.

ஆனாலும் என் வேலையை எனக்குப் பிடிக்கும். வீட்டில் அம்மாவின் ரத்த அழுத்தத்தை நான்தான் எடுக்கிறேன். அந்த எண்ணை யாரும் மாற்றி எழுத முடியாது.

---

நாகலூர்_காப்பி எழுதியது:

அம்மா, உன் பதிவை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். எங்கள் தோட்டத்தில் அப்படி நடக்கவில்லை என்று சட்டென்று எழுத வாய் வந்தது. ஆனால் என் அப்பா காலத்தில் எடை எழுதியவர் யார், எப்படி எழுதினார் என்று எனக்கு உண்மையில் தெரியாது. இந்த நவம்பரில் தராசைப் பறிக்கிறவர்கள் பார்வைக்குத் திருப்பி வைக்கிறேன். எண் தெரியும் மின் தராசு வாங்கியும் இரண்டு வருடம் ஆகிறது. அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தோம், வசதிக்காக என்று நினைத்திருந்தேன்.

---

இளம்பிள்ளை_தறி எழுதியது:

முதல் பதிவு போட்ட அண்ணனுக்கு. தேதி தவறாமல் வந்தால் நிம்மதி என்கிறீர்கள். எங்களுக்குச் சனிக்கிழமை தவறாமல் வருகிறது. பத்து வருடத்தில் ஒரு சனிக்கிழமை தவறியதில்லை. நிம்மதி இல்லை.

என் வீட்டுக்காரர் தறி ஓட்டுகிறார், நான் தார் சுற்றுகிறேன், அதாவது தறிக்கு ஊடை நூல் சுற்றித் தருகிறேன். சேலைக்கு இவ்வளவு என்று கூலி. தறி முதலாளியிடம் 80,000 முன்பணம் வாங்கியிருக்கிறோம். வாரம் 500 பிடித்துக்கொள்கிறார். கணக்குப் போட்டுப் பாருங்கள், 160 வாரம், மூன்று வருடத்துக்கு மேல். அந்த மூன்று வருடத்தில் ஒரு காது குத்து வராதா, ஒரு ஆஸ்பத்திரி வராதா? வந்தால் இன்னொரு இருபதாயிரம் அதிலேயே ஏறும். கடன் தீர்கிற வரைக்கும் வேறு தறிக்குப் போக முடியாது. பக்கத்துத் தெருவில் சேலைக்குக் கூடக் கொடுக்கிறார்கள் என்று தெரியும். தெரிந்து என்ன?

அதனால் சொல்கிறேன், பணம் எப்போது வருகிறது என்பது மட்டும் இல்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வேறு இடம் போக முடியுமா என்று பாருங்கள். உங்களால் பெங்களூரை விட்டு வர முடிந்தது.

---

அம்மாபேட்டை36 எழுதியது:

அக்கா, நீங்கள் எழுதியதற்கு என்னிடம் பதில் இல்லை. என் அப்பாவும் முன்பணம் வாங்கித்தான் தறி ஓட்டினார். எங்கள் வீட்டில் "முன்பணம் தீர்ந்த வருஷம்" என்று ஒரு வருடத்தைச் சொல்வார்கள், 1999. அந்த வருடம் அம்மா கோட்டை மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தார். அதற்கு அடுத்த வருடம்தான் சொந்தமாக இரண்டு தறி போட்டார்கள். சின்ன வயதில் அது ஒரு திருவிழா என்று மட்டும் நினைத்திருந்தேன்.

---

செட்கடை எழுதியது:

29 வயது. பி.காம். குரூப் 4 மூன்று தடவை எழுதிவிட்டேன். 200 கேள்வி, 300 மதிப்பெண், ஒவ்வொரு தடவையும் ஏழெட்டுக் கேள்வியில் போகிறது. இளநிலை உதவியாளருக்கு அடிப்படைச் சம்பளம் 19,500, அதோடு அகவிலைப்படி.

பகலில் நூலகம், சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் சித்தப்பாவோடு தட்டுவடை செட் கடை. தட்டுவடை மேல் பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி, துருவின பீட்ரூட், கேரட், வெங்காயம், மேலே இன்னொரு தட்டுவடை. ஒரு செட் போட எனக்குப் பன்னிரண்டு நொடி. போன வருடம் சித்தப்பா என்னைப் பங்காளியாக்கிவிட்டார். செலவு போக என் பங்கு மாதம் முப்பதாயிரத்துக்குக் குறையவில்லை. சொல்லப்போனால் எனக்கு அந்தக் கடை பிடிக்கும். "எப்பவும் போல ஒண்ணு" என்று வந்து நிற்கிறவர்கள் முகம் பிடிக்கும்.

ஆனால் பெண் பார்க்கும் இடத்தில் அம்மா "பையன் கவர்மென்ட் பரீட்சைக்குப் படிச்சிட்டு இருக்கான்" என்றுதான் சொல்கிறார். கடையைச் சொல்வதில்லை. வேலை இல்லாதவன் என்று சொல்வது, கடை வைத்திருக்கிறான் என்று சொல்வதைவிட அவருக்குக் கௌரவமாக இருக்கிறது. அதுதான் எனக்கு வலிக்கிறது. நான்காவது தடவையும் எழுதப் போகிறேன். பாஸ் ஆனால் போவேனா என்று கேட்டால் தெரியாது.

---

குகைக்காரன் எழுதியது:

செட்கடைத் தம்பி, அடுத்த தடவை பெண் வீட்டுக்குப் போகும்போது கடையைச் சொல்லு. என் தங்கை மாப்பிள்ளை பழக்கடைக்காரர். மாம்பழ சீசனில் அவர் வீட்டில் யாரும் தூங்க மாட்டார்கள். என் தங்கை நன்றாக இருக்கிறாள்.

---

லீபஜார்_கணக்கு எழுதியது:

பட்டறை அண்ணாவுக்கு. நான் ஒரு வரி ஆலோசகர் அலுவலகத்தில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறேன். கொலுசுக்காரர்கள், தறிக்காரர்கள், கிழங்கு மண்டிக்காரர்கள் எல்லாரையும் பார்த்திருக்கிறேன். நீங்கள் கேட்கிற அந்தக் காகிதத்தை நீங்களே உண்டாக்கலாம். சொல்கிறேன்.

உங்கள் வருமானத்துக்கு வரி வராது என்பதால் ரிட்டர்ன் போட வேண்டாம் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். புதிய முறையில் நான்கு லட்சம் வரை வரியே இல்லை, 2025–26 நிதியாண்டிலிருந்து பன்னிரண்டு லட்சம் வரை தள்ளுபடியும் இருக்கிறது. ஆனால் வரி கட்டாவிட்டாலும் ரிட்டர்ன் போடலாம். சின்னத் தொழில்காரர்களுக்கு உத்தேச வருமானக் கணக்கு என்று ஒன்று உண்டு, பெரிய கணக்குப் புத்தகம் தேவையில்லை. பூஜ்ய வரியோடு இரண்டு மூன்று வருடம் ஒழுங்காகப் போட்டால் வங்கிக்காரர் கேட்ட அந்த ரிட்டர்ன் உங்களிடம் இருக்கும். கடன் கிடைத்தே தீரும் என்று நான் சொல்லவில்லை, வங்கி மற்றதையும் பார்க்கும். ஆனால் மேஜையிலிருந்து எழுந்து வர வேண்டியிருக்காது.

கூலியை முடிந்தவரை வங்கிக் கணக்கில் வாங்குங்கள். உங்கள் வியாபாரி நல்லவர் என்கிறீர்கள், கேட்டால் செய்வார். ரொக்கமாகத்தான் தருவார் என்றால் நீங்களே வாரா வாரம் கணக்கில் போடுங்கள். உத்யம் என்ற சிறுதொழில் பதிவு இலவசம், ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் போதும், காசு கேட்கிறவர்களிடம் போகாதீர்கள். பொற்கொல்லர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறீர்களா? தங்க, வெள்ளி வேலை செய்பவர்களுக்கானதுதான். பிள்ளைகள் படிப்புக்கு உதவித்தொகை, அறுபதுக்கு மேல் ஓய்வூதியம் எல்லாம் அதில் இருக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். கடன் வேண்டும் என்று வருமானத்தை ஏற்றிக் காட்டாதீர்கள். பின்னால் அதுவே கழுத்தைப் பிடிக்கும். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். எடையெல்லாம் எங்காவது எழுதி வைத்திருக்கிறீர்களா? ஒரு பழைய நோட்டு இருந்தாலும் போதும், ஞாயிற்றுக்கிழமை எங்கள் அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். இதற்கு நான் காசு வாங்க மாட்டேன்.

இளம்பிள்ளை அக்கா, உங்கள் முன்பணக் கணக்கும் எழுத்தில் இருக்கிறதா? எவ்வளவு வாங்கினீர்கள், எவ்வளவு பிடித்தார்கள் என்று சனிக்கிழமைதோறும் உங்கள் கையால் ஒரு நோட்டில் எழுதுங்கள். முதலாளி கணக்கும் உங்கள் கணக்கும் ஒத்துப்போகிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கேளுங்கள். அது கடனைத் தீர்க்காது. ஆனால் இரண்டு பேருக்கும் ஒரே எண் தெரியும்.

---

இளம்பிள்ளை_தறி எழுதியது:

இந்தச் சனிக்கிழமை முதல் எழுதுகிறேன் அக்கா.

---

பட்டறை_செவ்வாய்ப்பேட்டை எழுதியது:

கணக்கு அம்மாவுக்கு நன்றி. நோட்டு இருக்கிறது. ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் அன்றைய எடையையும் கூலியையும் மகள் எழுதி வைப்பாள், அவள் ஆறாவது படிக்கும்போது தொடங்கிய பழக்கம். எடைத் தகராறு வந்தால் பார்க்க என்று எழுத ஆரம்பித்தது. இப்போது பதினொன்றாவது படிக்கிறாள்.

நேற்று ராத்திரி போன வருடத்து நோட்டை மொத்தமாகக் கூட்டினாள். 3,41,600. இருபத்தி மூன்று வருடத்தில் ஒரு வருடம் நான் எவ்வளவு சம்பாதித்தேன் என்பது எனக்கு முதல் தடவையாக நேற்றுத்தான் தெரிந்தது. அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். மகள் மாதவாரியாகவும் போட்டுக் காட்டினாள். தை நல்ல மாதம். ஆடியில் 9,400.

அந்த மாதம் எப்படி ஓட்டினோம் என்று மனைவியைக் கேட்டேன். "என் கம்மலை வச்சோம், மறந்துட்டீங்களா" என்றாள். மறந்துதான் போயிருந்தது. மகள் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் அதையும் சின்ன எழுத்தில் எழுதி வைத்திருக்கிறாள்: கம்மல், 12 ஆயிரம், ஐப்பசியில் மீட்டது.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு வருகிறேன் அம்மா. ஐந்து நோட்டையும் எடுத்து வருகிறேன்.